பழைய எஸ்யூவி வாங்கறீங்களா? முதல்ல கீழே குனிஞ்சு பாருங்க

பழைய எஸ்யூவின்னாலே "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"ன்னு கேட்போம். நான் முதல்ல கேட்கிறது, "எந்த ஊர்ல ஓடியிருக்கு?"

ராமநாதபுரம் மாவட்டத்து மாரியூரையே எடுத்துக்கோங்க. கடற்கரை ஊர். பக்கத்துல வாலிநோக்கம், அரசு உப்பு நிறுவனத்தோட உப்பளம். காத்துலயே உப்பு.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகள்ல பாடி தனி, அதைத் தாங்குற ஏணி மாதிரியான சேஸிஸ் தனி. அந்தச் சட்டம் உள்ளே கூடா இருக்கும். உப்பு மண் அதுக்குள்ள தங்கி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். துரு உள்ளேருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். அதனால ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க, சத்தம் மந்தமா கேட்டா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. பிரேக் பைப்பையும் பார்க்கச் சொல்லுங்க. அது அரிச்சா உயிருக்கே ஆபத்து.

கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் போனா செலவு, மாத்திக்கலாம். சேஸிஸ் போனா வண்டியே போச்சு.

அரசுக் கட்டணமும் இருக்கு. 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினா, 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000. பசுமை வரி தனி. எஃப்.சி.யில தேறணும்.

கடலோரம் ஓட்டுறவங்க அடிப்பாகத்தை நல்ல தண்ணியில கழுவுங்க; உப்புத் தண்ணி போர் வேண்டாம். அந்தப் பக்கம் நல்ல தண்ணிக்குக் காசு கொடுக்கணும்தான். ஆனா வெல்டிங் செலவைவிட அது கம்மி.