நாற்காலியைத் தேடி வருகிறவர்கள்

அதிகாரம் மனிதனைக் கெடுத்துவிடுகிறது என்று ஓயாமல் சொல்லி வருகிறோம். ஆனால், கெடுவதற்கு ஆயத்தமாயிருப்பவர்கள்தாம் அதிகாரத்தைத் தேடி முந்தி வந்து நிற்கிறார்களோ என்ற சந்தேகத்தை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

1971-ஆம் வருஷம், கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக் கட்டிடமொன்றின் நிலவறையில் போலிச் சிறைச்சாலை அமைத்து, வாலிபர்களில் சிலரைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் பிரித்து வைத்து, இரண்டு வாரம் நடத்த உத்தேசித்திருந்த பரிசோதனையை, காவலர்களின் குரூரம் எல்லை மீறியதால், மனோதத்துவப் பேராசிரியர் பிலிப் சிம்பார்டோ ஆறே நாட்களில் நிறுத்திவிட்டார். சாதுவான பிள்ளைகளையும் பதவி கெடுத்துவிடும் என்பதற்கு அதுவே சாட்சியமாக வெகுகாலம் காட்டப்பட்டது.

அந்தப் பிள்ளைகள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று விசாரித்தவர்கள் சிலரே. 'சிறை வாழ்க்கை' பற்றிய மனோதத்துவ ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை என்ற பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, தினம் 15 டாலர் கூலிக்குத் தாங்களாகவே வந்தவர்கள் அவர்கள்! அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த கார்னஹன், மக்ஃபார்லண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அதை ஒட்டிய விளம்பரத்தையே ஒரு தடவை அந்த இரண்டு வார்த்தைகளுடனும், இன்னொரு தடவை அவை இல்லாமலும் பிரசுரித்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது: சிறை என்ற பெயரைக் கண்டு வந்தவர்களிடம், மற்றவர்களைக் காட்டிலும், மூர்க்கமும் தந்திரமும் தற்பெருமையும் பிறரை அடக்கியாளும் வேட்கையும் மிகுந்திருந்தன, இரக்கமும் பரோபகார சிந்தையும் குறைந்திருந்தன. இரண்டு வார்த்தைகள் சல்லடையாகிவிட்டன.

'வேட்பாளர்' என்ற நமது சொல்லிலேயே வேட்கை இருக்கிறது. சட்டசபைக்கு நிற்பவர்கள் எல்லோரையும் இந்த ஒரு தராசில் நிறுத்திவிடுவது அநியாயம். எனினும் பதவி என்னும் விளம்பரத்தைக் கண்டு முதலில் கை தூக்குகிறவர் யார் என்று நாம் கவனித்தே ஆகவேண்டும்.

வெனிஸ் நகரத்துப் பிரபுக்களுக்கு இந்தக் கவலை முன்பே இருந்தது. 1268 முதல், 1797-இல் நெப்போலியனிடம் குடியரசு வீழும் வரை, 'டோஜ்' என்னும் தங்கள் தலைவரைப் பத்துப் படிகள் கடந்தே தேர்ந்தெடுத்தார்கள்: குலுக்கலில் 30 பேர், அவர்களில் குலுக்கலில் 9 பேர், அந்த ஒன்பது பேர் பொறுக்கும் 40 பேர் என்று குலுக்கலும் வாக்கெடுப்புமாகச் சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில் 41 பேர் கூடித் தீர்மானித்தார்கள். ஆசைப்பட்டவருக்கு யார் கையைப் பிடிப்பது என்றே விளங்காது. குலுக்கல் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தவனோ, ஒரு சிறுவன்.