காதுக்கு ஒன்று, எழுத்துக்கு இரண்டு

பென்னாகரம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் காதில் விழுவது வகுப்பறையில் மட்டும்தான். அங்கே டிக்டேஷன் நடக்கிறது. ஆசிரியர் ‘ஃபிளவர்’ என்கிறார். ஒரு பிள்ளை பூவை நினைத்து எழுதுகிறது, பக்கத்துப் பிள்ளை மாவை நினைத்து எழுதுகிறது. கேட்டது ஒரே ஒலி. ஆனால் ஒரு நோட்டில் மட்டும் சிவப்பு மை விழுகிறது. இது நியாயமே இல்லை.

பூவுக்கு நடுவில் ‘ஓ-டபிள்யூ-ஈ’, மாவுக்கு ‘ஓ-யூ’. இந்தப் பிரிவினை ஆங்கிலத்திலேயே பிற்பாடு வந்ததுதான். அரைத்த தானியத்தைச் சலித்தால் கிடைக்கும் நயமான பகுதியை அதன் ‘பூ’ என்றார்கள். மாவுக்குப் பெயர் வந்த கதை அது. 1755-ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிகூட இரண்டையும் தனித்தனிச் சொல்லாகப் பிரிக்கவில்லை. பேரறிஞர் பிரிக்காததைப் பத்து வயதுப் பிள்ளை பிரிக்கவில்லை என்று தலையில் குட்டுவதா?

நோட்டு, பேனா விற்கிற ‘ஸ்டேஷனரி’யும் அப்படித்தான். தெருத்தெருவாகக் கூவி விற்காமல், ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’க்கும் வேர் அதுவே. எழுத்தில் மட்டும் ‘ஈ’க்குப் பதில் ‘ஏ’.

இறைச்சி, சந்திப்பு ஆகிய பொருளுள்ள இரண்டு ‘மீட்’களின் கதை வேறு. ஒரு காலத்தில் அவற்றின் ஒலியே வேறு வேறு. 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தபின் எழுத்து மெல்ல மெல்ல இறுகியது. நாக்கோ மாறிக்கொண்டே போனது.

நமக்கு இது புதிதல்ல. அரம், அறம் இரண்டையும் தருமபுரிப் பக்கம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். குமரி மாவட்டத்தில் அந்த வேறுபாடு இன்னும் காதில் விழும். ஆனாலும் “அரத்தால் ரம்பத்தின் பல்லை ராவினார் ஆசாரி” என்றால் எந்த ‘ர’ என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். மயங்கொலிச் சொற்களை இப்படிப் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து உருப்போடச் சொல்கிறோம்? உருப்போட்டது தேர்வோடு போய்விடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிக்டேஷனில் ஒற்றைச் சொல்லாகக் கொடுக்காதீர்கள். “அம்மா மாவு சலிக்கிறாள்”, “அக்கா பூ கட்டுகிறாள்” என்று முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மதிப்பெண் போடுங்கள்.