பிரேக்குக்கு எண்ணெய் வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்!



வெள்ளிப் பாத்திரம் துலக்குவது, மிக்ஸி ஜார் நாற்றம் போக்குவது என்று இந்தப் பகுதியில் வரும் குறிப்புகளைப் படித்துப் பலன் அடைந்தவள் நான். இன்று நானும் சுத்தம் செய்யும் குறிப்பு ஒன்றைச் சொல்லப் போகிறேன். இது சமையலறைக் குறிப்பு அல்ல. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பற்றியது. "அது ஆம்பிளைங்க சமாச்சாரமாச்சே" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பின் சீட்டில் உட்காருவது நாமும் நம் பிள்ளைகளும்தானே!

எங்கள் எதிர்வீட்டில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். வண்டியின் முன் சக்கரம் கிறீச் கிறீச்சென்று சத்தம் போடவே, தையல் மெஷின் எண்ணெயை எடுத்து பிரேக் தட்டில் தடவித் துடைத்திருக்கிறான். சத்தம் உடனே நின்று விட்டது. மறுநாள் காலை தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது, தெருமுனையில் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தான், பிடிக்கவில்லை. அந்தக் குழந்தைக்குக் கை எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தது. பாவம், அவன் நல்லது என்று நினைத்துத்தான் செய்தான்.

கதவுக் கீல் கத்தினால் எண்ணெய், பூட்டு இறுகினால் எண்ணெய் என்பது நம் கைப்பழக்கம். டிஸ்க் பிரேக்கில் மட்டும் அது ஆகவே ஆகாது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வி நிற்கும் இடுக்கி போன்ற பாகம் காலிப்பர். அதற்குள் இரண்டு பிரேக் பேடுகள் இருக்கும். நாம் லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே தள்ளி, பேடுகள் தட்டை இறுக்கிப் பிடிக்கும். அந்த உராய்வில்தான் வண்டி நிற்கிறது. உராய வேண்டிய இடத்தில் எண்ணெய் விட்டால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்! பேடு எண்ணெயை உறிஞ்சி விட்டால், துடைத்தாலும் பழையபடி பிடிக்காது. புதுசுதான் மாற்ற வேண்டும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் கணவரிடம், "ஏங்க, நம்ம வண்டி பிரேக்கை யாருங்க பாக்கறது?" என்று கேட்டேன். "சர்வீஸுக்கு விடறப்ப பாப்பாங்க" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த சர்வீஸுக்கு நானும் கூடப் போய், மெக்கானிக் தம்பி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டுக் கொண்டேன். இப்போது மழைக்காலம் முடிந்ததும் நானும் என் கணவருமாக வீட்டிலேயே சுத்தம் செய்கிறோம்.

சேறும் பிரேக் தூளும் காலிப்பருக்குள் சேர்ந்தால், லீவரை விட்ட பிறகும் பேடு தட்டை விடாது. வண்டி இழுத்துப் பிடித்தபடியே ஓடும். தட்டு சூடாகும், பெட்ரோலும் வீணாகும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் கேட்டால் பரவாயில்லை. சுற்றவே மறுத்தால் உள்ளே அழுக்கு இறுகியிருக்கலாம்.

செய்முறை இதுதான். வண்டி ஓடி வந்த சூட்டோடு தொடாதீர்கள், நன்றாக ஆறட்டும். காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஸ்பேனரால் கழற்றுங்கள். காலிப்பரை அதன் டியூபிலேயே தொங்க விடாமல், ஒரு கயிற்றால் கட்டித் தொங்க விடுங்கள். இந்த நேரத்தில் பிள்ளைகள் யாரும் பிரேக் லீவரை அமுக்கி விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பிஸ்டன் வெளியே வந்து விடும்.

பேடுகளை எடுத்து விட்டு, சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், நெஞ்சுக்குள் போகும். பிஸ்டனின் பளபளப்பான பகுதியில் உப்புத்தாள், கத்தி எதுவும் படக்கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டு விடும். டிஸ்க் தட்டையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, எண்ணெய் படாத துணியால் துடையுங்கள். பேடில் உள்ள கோடு தேய்ந்து மறைந்திருந்தால் புதுசு மாற்றி விடுங்கள்.

பிஸ்டனை விரலால் மெதுவாக உள்ளே தள்ளி, பேடுகளை வைத்து, காலிப்பரைத் திரும்ப மாட்டி போல்ட்டுகளை இறுக்குங்கள். பிறகு லீவர் கெட்டியாகும் வரை பல தடவை அமுக்க வேண்டும். இதை மறந்தால் முதல் தடவை பிரேக் பிடிக்காது! தெருவில் நடக்கும் வேகத்தில் ஓட்டி, நின்று பார்த்த பிறகே வெளியே எடுங்கள். போல்ட் இறுக்கத்தை மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டி விடுவது நல்லது.

மேலே சின்ன டப்பாவில் இருக்கும் 'பிரேக் ஆயில்' பேரில்தான் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 155 டிகிரி அளவுக்கு இறங்கி விடும். சூட்டில் கொதித்துக் குமிழி வந்தால் லீவர் தொள தொளவென்று ஆகி விடும். அதனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். அது மெக்கானிக் வேலை. வீட்டில் டியூபைக் கழற்ற வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட் உரிந்து விடும்.

125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். வழுக்கும் ரோட்டில் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் அது காக்கும். ஆனால் பேடில் எண்ணெய் படிந்திருந்தால் ஏ.பி.எஸ்.ஸும் கை கொடுக்காது.

எனவே தோழியரே, வீட்டில் யாராவது எண்ணெய்க் குப்பியோடு பிரேக் பக்கம் போனால் ஓடிப் போய் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். பிறகு சோப்பையும் பழைய பிரஷ்ஷையும் எடுத்துக் கொடுங்கள்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி