ஒரு முறை கழற்ற இரண்டு கூலியா?

கிணற்றுத் தண்ணீரை இறைத்து வற்ற வைத்தாகிவிட்டது. தூர் வார ஓர் ஆள் இறங்குகிறார். இடிந்த படியைக் கட்டக் கொத்தனாரும் இறங்குகிறார். இரண்டும் வேறு வேறு வேலைகள். இரண்டுக்கும் கூலி உண்டு.

ஆனால், தண்ணீர் இறைத்தது ஒரு தடவைதானே? அதற்கு யாராவது இரண்டு தடவை கூலி கொடுப்பார்களா?

கார் பழுது பார்க்கும்போது சிலர் அப்படிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தது அவர்களுக்கே தெரிவதில்லை!

கூட்டுக் குடித்தனம்

அம்பாசிடர் காரைப் பின்சக்கரங்கள் தள்ளின. அதனால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் பின்னால் இருந்தது. 1983-ம் ஆண்டு வந்த மாருதி 800 காரை முன்சக்கரங்கள் இழுத்தன. இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இவற்றில் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் 'லோயர் ஆர்ம்', குலுக்கலைத் தாங்கும் 'ஷாக் அப்சார்பர்' எல்லாம் முன்சக்கரத்தை ஒட்டி ஒரே இடத்தில் இருக்கின்றன. கூட்டுக் குடித்தனம் போலத்தான்! ஒன்றை எடுக்கப் போனால் இன்னொன்றைத் தொட்டாக வேண்டும்.

வளைவில் திரும்பும்போது "டக் டக்" என்று சத்தம் வருகிறது. ஆக்சில் மூட்டு தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். அதை எடுக்க அவர் என்ன செய்கிறார்?

ஜாக்கி வைத்துக் காரைத் தூக்குகிறார். சக்கரத்தைக் கழற்றுகிறார். லோயர் ஆர்ம் நுனியில் உள்ள பால் ஜாயிண்ட்டைப் பிரிக்கிறார். பிறகுதான் ஆக்சிலை உருவ முடியும்.

லோயர் ஆர்மை மாற்றுவதற்கும் இதே ஜாக்கி, இதே சக்கரம், இதே பால் ஜாயிண்ட்தான். ஆக்சிலுக்காக இவற்றைப் பிரித்த பிறகு, ஆர்மை உள்பக்கம் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுவதுதான் பாக்கி.

கணக்கைப் பாருங்கள்

ஒரு மணி நேரக் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சில் வேலை தனியாக 2 மணி நேரம். கூலி 1,000 ரூபாய். லோயர் ஆர்ம் வேலை தனியாக ஒன்றரை மணி நேரம். கூலி 750 ரூபாய். மொத்தம் 1,750 ரூபாய்.

இரண்டுக்கும் பொதுவான வேலை 1 மணி நேரம் என்றால், சேர்த்துச் செய்ய ஆகும் நேரம் இரண்டரை மணிதான். நியாயமான கூலி 1,250 ரூபாய். மீதி 500 ரூபாய், செய்யாத வேலைக்குக் கொடுத்த கூலி!

இதில் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய ஒர்க்‌ஷாப்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று பட்டியல் உண்டு. ஒவ்வொன்றும் தனியாக நடப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. இரண்டையும் அப்படியே கூட்டினால் பொது வேலை இரு முறை வந்துவிடும். யாராவது கவனித்துக் கழிக்க வேண்டும்.

எதற்குத் தனிக் கூலி?

எல்லாவற்றையும் கழிக்கச் சொல்வது நியாயம் ஆகாது. ஷாக் அப்சார்பரை மாற்றும்போது, அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கைக் கருவியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தவறினால் ஸ்பிரிங் தெறித்து ஆளைத் தாக்கும். ஆபத்தான வேலை அது. அதற்குத் தனிக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

இடது சக்கரத்தைக் கழற்றினால் வலது சக்கரம் கழன்றுவிடாது. அதுவும் தனி வேலைதான். துருப்பிடித்த போல்ட் கூடுதல் நேரம் எடுக்கும்.

கேட்க வேண்டியவை

வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். உதிரிபாக விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

"இதைக் கழற்றும்போது கூடவே முடியும் வேலை வேறு உண்டா?" என்று கேளுங்கள். தேய்ந்த பாகம் இருந்தால் அப்போதே மாற்றிவிடலாம். இரண்டு மாதம் கழித்துச் செய்தால், கழற்றும் கூலி மறுபடியும் நியாயமாகவே வரும். வீல் அலைன்மெண்ட் செலவும் மறுபடி வரும். சேர்த்துச் செய்தால், கடைசியில் ஒரு முறை பார்த்தால் போதும்.

கூலி மிச்சம் என்பதற்காக நல்ல பாகத்தை மாற்றிவிடாதீர்கள்! தேய்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

உழைத்தவருக்குக் கூலியைக் குறைக்கக் கூடாது. ஒரே உழைப்புக்கு இரு முறை கொடுக்கவும் வேண்டாம்.