கணிப்பொறியில் மாதிரிக் கைப்பேசி

ஓசூர் ரோஜா, இராயக்கோட்டைத் தக்காளி, கிருஷ்ணகிரி மாம்பழம் ஆகியவற்றை விளைவிக்கும் குடியானவர்க்கும் 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த 'உழவன்' செயலி சந்தை நிலவரத்தையும் மானிய விவரங்களையும் அறிவிக்கின்றது. கைப்பேசியின் சிற்றெழுத்துக்களை வாசிக்க இயலாத முதியோர் இத்தகைய செயலிகளை மேஜைக் கணிப்பொறியிலும் திறக்கலாம்.

முதற்கண் கணிப்பொறியின் பயாஸ் அமைப்பில் வர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்குதல் வேண்டும். பின்னர் கூகிளின் 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ' மென்பொருளை நிறுவி, பிளே ஸ்டோர் அடங்கிய மாதிரிக் கைப்பேசியொன்றை அதில் அமைத்து, செயலியை இறக்கிக்கொள்ளலாம். 16 ஜிபி நினைவகம் இருப்பது நலம். குறையின் வேகம் தளரும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் ஒன்றை மறத்தலாகாது. மாதிரிக் கைப்பேசி தானாகக் காட்டும் இடம் அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரமாகும். அதனை எவரும் விரும்பியவாறு மாற்றவும் கூடும். ஆதலால் பயிர்க் கணக்கை வயலில் நின்று, மெய்யான கைப்பேசியிலேயே பதிதல் வேண்டும். பொய்யிடத்தில் பதிந்த பயிருக்கு இழப்பீடு கோருங்கால், நஷ்டமடைபவர் குடியானவரேயாவர்.