சோபாவில் ஏறிய சப்வூஃபர்

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலின் நடுவில் போய் நின்று படீரென்று ஒருமுறை கைதட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். வந்தவரோ தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நகர்ந்து இன்னொரு தட்டு. “ஸ்பீக்கர்ல ஒரு குத்தமும் இல்ல சார், ரூம்தான் கூடச் சேர்ந்து பேசுது” என்றார்.

எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரைப் பார்க்க வந்த இரண்டாவது ஆள் இவர். முதலில் வேலை செய்த நிறுவனத்தார் தந்த விலைப்பட்டியலில் வாட்ஸ் கணக்கு இருந்தது, ஸ்பீக்கர் எண்ணிக்கை இருந்தது. ஹாலின் நீள அகலம் இல்லை. நான்கு ஸ்பீக்கர்களைக் கூரையை ஒட்டி நான்கு மூலைகளில் மாட்டினார்கள். வசனம் வரவேண்டிய நடு ஸ்பீக்கர் டிவி அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் போனது. அடித்தொனி (பேஸ்) தரும் சப்வூஃபரைக் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால், மூலையில் வைத்தார்கள். அன்றிலிருந்து ரிமோட் கையைவிட்டு இறங்கவில்லை. நாயகன் பேசுவது புரியவில்லை என்று ஒலியைக் கூட்டுவோம்; சண்டைக் காட்சி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வருவதற்குள் குறைப்போம்.

கைதட்டலில் அப்படி என்ன தெரிந்துவிடும்? தட்டிய ஓசை சுவர், கூரை, தரை என்று மோதி மோதித் திரும்பி, தேய்ந்து அடங்குகிறது. அது அடங்க எடுக்கும் நேரத்தில் அறையின் குணம் பாதி தெரிந்துவிடும். இதை முறையாக முதலில் அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த இளைஞர், வாலஸ் சாபின். 1895-இல் அங்கே புதிதாகத் திறந்த ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் பேசுகிறவர் பத்துச் சொற்களைத் தாண்டியிருப்பார். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூழாகும். சாபின் இரவில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தியபின் ஓசை எப்போது அடங்குகிறது என்று நேரம் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். இப்படிக் கண் விழித்துக் கண்ட கணக்கு எளியது: அறையின் கன மீட்டர் அளவை 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் இருப்பவை எல்லாம் சேர்ந்து ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால், ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய ஆகும் நேரம் கிடைக்கும். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கை வடிவமைக்க இந்தக் கணக்கு உதவியது.

அதையே நம் ஹாலுக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் சுமார் 51 கன மீட்டர். டைல்ஸ் தரையும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவரும் கான்கிரீட் கூரையும் தங்கள்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கைத்தான் விழுங்கும். சாமான் ஏறாத அந்த ஹாலில் ஓசை அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகும். சோபாவும் திரைச்சீலையும் வந்தால் முக்கால் விநாடிக்கு இறங்கலாம். படம் பார்க்க அரை விநாடிக்குள் இருப்பது நல்லது. அமெரிக்க வீடுகளில் கார்பெட்டும் ஜிப்சம் பலகைச் சுவரும் இந்த வேலையில் பாதியைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. செங்கலும் கான்கிரீட்டும் அப்படி உதவாது. ஆகவே அங்கத்திய வீடியோவைப் பார்த்து, அதே பெட்டியை வாங்கி, அதேபோல் மாட்டினால் அதே ஒலி வராது.

வசனம் ஏன் முதலில் அடிபடுகிறது? பேச்சில் உயிரொலிகளுக்குத்தான் சத்தம் அதிகம். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகளோ மெலிந்தவை, நொடியில் வந்து போகிறவை. முந்திய எழுத்தின் ‘ஆ’ இன்னும் சுவரில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த ‘த்’ அதற்கடியில் மூழ்கிவிடும். ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், மூழ்கியது மூழ்கியதுதான். ஒரு கம்பளமும் கனத்த திரைச்சீலையும் இங்கே செய்யும் உதவியை இன்னொரு ஐம்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயர் செய்யாது.

அடித்தொனி வேறு கதை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். நம் ஹாலுக்குள் முழுதாக அடங்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே முட்டித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சில இடங்களில் குவியும், சில இடங்களில் காணாமல்போகும். 15 அடி நீளத்துக்கு இது 38 ஹெர்ட்ஸில் நடக்கும். 12 அடிக்கு 47, 10 அடிக்கு 57. மூன்றும் தள்ளித்தள்ளி விழுவதால் ஓரளவு தப்பிக்கலாம். நாம் பெருமையோடு ‘தியேட்டர் ரூம்’ ஆக்க நினைக்கும் பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையும் பத்தடி. மூன்று திசையும் ஒரே 57 ஹெர்ட்ஸில் கூடிக் கும்மியடிக்கும். ஒலிக்கு இதைவிட மோசமான அறை அமைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் சோபா ஹாலின் நடுவில் இருந்தது. நீளவாட்டு அலை அடங்கிப்போகும் இடம் அதுதான். திரையில் இடி விழுந்தால் எனக்குக் கேட்காது, அடுப்படியில் எவர்சில்வர் தட்டு அதிரும்.

இரண்டாவது ஆள் செய்ததைப் பார்த்து வீடே சிரித்தது. சப்வூஃபரைத் தூக்கி நான் உட்காரும் இடத்தில், சோபாவின்மேல் வைத்தார். ஒரே சீரான பேஸ் ஓசையை ஓடவிட்டார். பிறகு முட்டி போட்டுச் சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தார். “ஏதாச்சும் தொலைச்சிட்டாரா?” என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தார். அவர் தேடியது பேஸ் திண்ணென்று, இரைச்சல் இல்லாமல் கேட்கும் இடத்தை. டிவிச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் பக்கச் சுவரோரம் அது கிடைத்தது. “இங்க எனக்கு எப்படிக் கேக்குதோ, பெட்டிய இங்க வச்சா சோபால உங்களுக்கு அப்படியே கேக்கும்.” இது வித்தையல்ல. ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் இடையிலுள்ள பாதை ஒன்றுதான் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார். தவழ்ந்தவருக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸைத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தவழத் தெரிந்திருந்தது, போதும்.

சோபா இரண்டடி பின்னால் போனது. நடு ஸ்பீக்கர் அலமாரியை விட்டு வெளியே வந்து, காதை நோக்கிச் சற்றே நிமிர்ந்தது. கூரையோரம் இருந்தவை காது உயரத்துக்கு இறங்கின. கடைசியில், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரோடு வந்த சின்ன மைக்கை ஸ்டாண்டில் பொருத்தி, என் தலை இருக்கும் உயரத்தில் வைத்தார். “ஃபேன், ஏசி எல்லாம் ஆஃப் பண்ணிடுங்க சார்.” ஒலி ஓர் அடியைக் கடக்க ஒரு மில்லிவிநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எட்டடி தள்ளியிருக்கும் ஸ்பீக்கரும் நாலடியில் இருப்பதும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேர, கிட்டே இருப்பதைக் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். ரிசீவர் அந்தக் கணக்கை மைக் கேட்பதை வைத்துத்தான் போடுகிறது. முதல் நிறுவனத்தின் பையன் அந்த மைக்கைக் கையில் பிடித்தபடி, ஓடும் ஃபேனுக்குக் கீழே நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு என் அளவுகோல் ஒன்றே: வீட்டுக்கு வந்தவர் முதலில் எதைப் பற்றிக் கேட்கிறார்? எங்கே உட்காருவீர்கள், சுவர் என்ன, கீழ்வீட்டில் யார் என்று கேட்டால் காப்பி கொடுங்கள். ‘5000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று தொடங்கினால் பெட்டியின் முதுகைத் திருப்பி, அது மின்சாரம் இழுக்கும் அளவைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். 60 வாட்ஸ் இழுக்கும் பெட்டி தொடர்ந்து அதைவிட அதிகமாகத் தர வழியில்லை. பிஎம்பிஓ என்ற ‘உச்ச வாட்ஸ்’ கணக்குக்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. ஓர் அங்குல ஸ்பாஞ்சைச் சுவரெல்லாம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பவரையும் நம்ப வேண்டாம். அது உள்ளே உயர்சுருதி எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போகும் பேஸைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

தலைக்குமேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் வேண்டுமா என்றும் கேட்பார்கள். 2012-இல் டால்பி அட்மாஸ் அறிமுகமாகி, அந்த ஆண்டே ‘சிவாஜி’ படத்தின் 3டி வடிவம் அந்த ஒலியோடு திரைக்கு வந்தது முதல் நமக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. தலைக்குமேல் மழை பெய்வது அருமையான அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் பதினொரு ஸ்பீக்கர் மாட்டச் சொல்பவர் உங்கள் காதுக்காகச் சொல்லவில்லை. ஒழுங்காக வைத்த ஐந்தும் ஒரு சப்வூஃபரும் அங்கே ஜெயிக்கும்.

புது வீடு கட்டிக்கொண்டிருந்தால் பூச்சு வேலைக்கு முன்பே ஒலி அமைப்பவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் பதிக்கும் முக்கால் அங்குலக் குழாயில் எச்டிஎம்ஐ கேபிளின் தலை நுழையாது.