பச்சை உடம்பும் பொற்பதக்கமும்

பிள்ளை பெற்றவளை நாஞ்சில் நாட்டு வீடுகளில் ‘பச்சை உடம்புக்காரி’ என்பர். பாரம் தூக்க விடார். அத்தகைய தாய் ஒருவர் மீண்டும் விளையாட்டுக் களம் புகுந்த வரலாறு இது.

தீபிகா பல்லிக்கல் 1991இல் சென்னையில் பிறந்தவர். நான்கு சுவர்களுக்குள் சிறு ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷில், உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த முதல் இந்தியப் பெண் இவரே. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவுடன் இணைந்து தங்கம் வென்றார். 2018க்குப் பின் களத்தை விட்டு விலகியிருந்தார். 2021 அக்டோபரில் இரட்டை ஆண் குழந்தைகளுக்குத் தாயானார்.

ஏறத்தாழ ஆறு மாதங்களில், 2022 ஏப்ரலில், அதே கிளாஸ்கோவில் உலக இரட்டையர் போட்டி நடந்தது. அங்கு ஜோஷ்னாவுடன் மகளிர் பட்டத்தையும், சௌரவ் கோஷலுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் ஒரே நாளில் வென்றார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஹரிந்தர் பால் சந்துவுடன் தங்கம் பெற்றார்.

தாய்மார்களே, அந்த ஆறு மாதம் உங்களுக்கு அளவுகோல் அன்று. அவருடையது சிறுவயது முதல் பயின்ற உடல். நீங்கள் மெல்ல நடப்பதில் தொடங்குங்கள். அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் மருத்துவர் சொல்லும் வரை பாரம் தூக்கலாகாது. மிகுந்த இரத்தப்போக்கு, காய்ச்சல், தையலில் வலி தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல்: குழந்தையைச் சற்று நேரம் நீங்கள் ஏந்திக்கொள்ளுங்கள், தாய் முற்றத்தில் நடந்து வரட்டும்.